எலி பிடிப்பவனும் அவன் நாயும்

2024 டிசம்பரில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 பெருநிறுவனங்களின் வரிசைக்குள் நுழைந்தது. கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை விற்கும் ஒரு கடை, வங்கிகளுக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பலரும் வியந்து எழுதினார்கள். வியப்பு நியாயமானதுதான். ஆனால் பங்கு விலை ஏறும், இறங்கும். அதைச் சொல்லும் செய்தியின் ஆயுள் ஒரு வாரம். அதே நிறுவனம் 1986-இல் அச்சிட்ட ஒரு தடித்த புத்தகத்தின் ஆயுளோ நாற்பது ஆண்டைத் தொடுகிறது. வார்ஹேமர் ஃபேன்டஸி ரோல்பிளே என்று அதற்குப் பெயர். பெற்ற வீடே அதைப் பலமுறை திண்ணையில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து கைப்பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். பங்குச் சந்தை ஆரவாரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தின் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இவ்வகை விளையாட்டை ஆடியிராதவர்களுக்கு ஒரு சொல். இதில் பலகை இல்லை, வெற்றி தோல்வி என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். மழை கொட்டுகிறது, சத்திரத்துக் கதவு தாழிட்டிருக்கிறது, உள்ளே யாரோ அழுகிறார்கள், என்ன செய்கிறீர்கள் என்று நடத்துபவர் கேட்கிறார். கதவைத் தட்டலாம், உடைக்கலாம், வந்த வழியே போகலாம். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை பேசும். கூத்து, கதைசொல்லல், சூதாட்டம் மூன்றும் கலந்த இந்த வடிவத்தை 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் ஸ்டீவ் ஜாக்சன், இயான் லிவிங்ஸ்டன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் தாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கி, அமெரிக்க விளையாட்டை ஐரோப்பாவில் விற்கும் உரிமையைப் பெற்றார்கள். 1977-இல் ஒயிட் டுவார்ஃப் இதழ் வந்தது. 1978-இல் ஹேமர்ஸ்மித்தில் முதல் கடை திறந்தது.

இதில் ஒரு சுற்றுப்பயணம் ஒளிந்திருக்கிறது. கைகாக்ஸ் தனக்கு ஊட்டம் தந்ததாகப் பட்டியலிட்ட நூலாசிரியர்களில் டோல்கீனும் மைக்கேல் மூர்காக்கும் உண்டு. இருவரும் இங்கிலாந்து மண்ணில் எழுதியவர்கள். அவர்களுடைய கற்பனை கடல் கடந்து போய், பகடையும் அட்டவணையும் சுமந்துகொண்டு, இறக்குமதிச் சரக்காக லண்டன் துறைமுகத்துக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்ததை அங்கிருந்தவர்கள் சில ஆண்டுகள் நன்றியோடு விற்றார்கள். பிறகு அதைப் பிரித்துப் பார்த்து, இது நம் வீட்டுப் பொருள்தானே, ஆனால் நம் வீட்டு வாசனை இல்லையே என்று நினைக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டு கழித்து வந்த புத்தகத்தில் அந்த வாசனை இருந்தது: ஈரக் கம்பளி, ஆற்றுச் சேறு, மலிவான பீர்.

நாட்டிங்காமில் இருந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் வடிவமைப்புக் கூடத்தில் அது உருவானது. ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி, கிரேம் டேவிஸ், ஜிம் பாம்ப்ரா, ஃபில் கல்லகர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கி வந்தது. அமெரிக்க விளையாட்டில் நீங்கள் போர்வீரன், மந்திரவாதி, குரு என்று ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பீர்கள். புதையல் சேரச் சேரப் படிப்படியாக உயர்வீர்கள். நாட்டிங்காம் புத்தகமோ முதலில் ஒரு கேள்வி கேட்டது: உங்களுக்குப் பிழைப்பு என்ன? அதற்கான விடையையும் பகடையிடமே விட்டது. உருட்டினால் படகோட்டி வரலாம், சுங்கச்சாவடிக்காரன் வரலாம், பிச்சைக்காரன், சிறைக்காவலன், கல்லறைத் திருடன், கூடை சுமக்கும் வியாபாரி, துண்டறிக்கைகளோடு சந்தைமுனையில் நின்று கத்தும் கிளர்ச்சியாளன், சுரங்கத் தொழிலாளி, யார் வேண்டுமானாலும் வரலாம். நூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள். அவற்றில் அந்த விளையாட்டின் சின்னமாகவே ஆகிவிட்டவன் எலி பிடிப்பவன். அவனுடைய உடைமைகளைப் புத்தகம் எண்ணிச் சொல்கிறது: சில பொறிகள், செத்த எலிகள் தொங்கும் ஒரு கம்பு, சிறிதாயினும் மூர்க்கமான ஒரு நாய். உலகத்தைக் காப்பாற்றப் புறப்படும் வீரனின் சொத்து இவ்வளவுதான்.

எண்களும் அதே பாடத்தைச் சொல்லின. சாதாரண மனிதப் பாத்திரத்தின் வாள்திறனை அறிய, இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டி வரும் தொகையோடு 20 சேர்க்க வேண்டும். சராசரி 31. நூற்றுக்கு 31 என்றால், மூன்று முறை வீசினால் இரண்டு முறை காற்றைத்தான் வெட்டுவான். எதிராளியும் அப்படித்தான். ஆகவே இரண்டு பயந்த மனிதர்கள் சேற்றில் வழுக்கியபடி ஒருவரையொருவர் தவறவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு திடீரென்று ஓர் அடி விழும், கொடிய காயங்களின் அட்டவணை திறக்கும், ஒரு கை போகும். காயம் சீழ் பிடிக்கும். கண்ட காட்சிகளின் பாரம் மனத்தைக் கலைக்கும், அதற்கும் தனிக் கணக்கு உண்டு. இவ்வளவு கொடுமைக்கும் நடுவே ஒரேயொரு கருணையை ஆசிரியர்கள் வைத்தார்கள்: ஊழ்ப்புள்ளி. செத்திருக்க வேண்டிய தருணத்தில் ஒரு புள்ளியைச் செலவழித்தால் பிழைத்துக்கொள்ளலாம். கையில் இருப்பவை சிலவே. செலவழித்தது திரும்புவது அரிது. குள்ளர் இனத்தில் பூதக்கொல்லி என்றொரு பாத்திரம் உண்டு. ஏதோ ஓர் அவமானத்தைச் சுமந்து, தலைமுடியை ஆரஞ்சு நிறமேற்றிச் சேவல் கொண்டைபோல் நிறுத்தி, தன்னைக் கொல்லக்கூடிய விலங்கைத் தேடி அலைபவன். பூதத்தை வென்றுவிட்டால் அரக்கனைத் தேட வேண்டும். ஒவ்வொரு வெற்றியும் அவனுக்குத் தோல்வி. ஒரு பொழுதுபோக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு துயரத்தை எழுதிவைக்க ஓர் உள்ளம் வேண்டும்.

அந்த உள்ளம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது ஊரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்நாளில் அந்நிறுவனத்தின் போர்வீரர் பொம்மைகளைச் சிட்டடெல் என்ற பெயரில் வார்த்த பட்டறை நாட்டிங்காமுக்கு அருகே ஈஸ்ட்வுட்டில் இருந்தது. நாவலாசிரியர் டி.எச். லாரன்ஸ் 1885-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஊர் அது. தலைமுறை தலைமுறையாக நிலக்கரி எடுத்த பூமி. 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த சுரங்க வேலைநிறுத்தத்தில் நாட்டிங்காம்ஷயரின் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், சிலர் போகவில்லை. தெருவுக்குத் தெரு, சில வீடுகளில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலேயே, பேச்சு நின்றது. பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சுற்றிலும் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருக்க, நடுவே ஈயம் உருக்கி அரக்கர்களையும் வீரர்களையும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசியல் நூல் எழுதுகிறோம் என்று அந்த ஐவரும் எண்ணினார்கள் என நான் சொல்ல வரவில்லை. பிழைப்பு என்ன என்ற கேள்வி நாடு முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டிருந்த ஆண்டில், அதே கேள்வியோடு ஒரு விளையாட்டுப் புத்தகம் திறந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். காலம் எழுதுபவனின் அனுமதி கேட்டுக்கொண்டு எழுத்துக்குள் வருவதில்லை.

கதை நிகழும் உலகத்துக்கு அவர்கள் பழைய உலகம் என்று பெயரிட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தால் ஐரோப்பா ஒரு கனவில் நெளிந்து கிடப்பதுபோல் இருக்கும். நடுவே பேரரசு. அது 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய நிலத்தின் சாயல்: பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் சிற்றரசர்கள், ஒருவரையொருவர் நம்பாத நகரங்கள், துப்பாக்கி மருந்து, அச்சு இயந்திரம், எல்லையில்லாக் காடு, காட்டைப் பிளந்து ஓடும் ரைக் என்ற பேராறு. வரலாற்றில் அந்நிலம் 1525-இல் குடியானவர் எழுச்சியைக் கண்டது. 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போரில் எரிந்தது. விளையாட்டின் பேரரசு அந்தத் தீக்கு முந்தைய மாலையில் நிற்கிறது. பெருமழை வருமுன் காற்று நின்றுபோகும் பொழுது அது. மக்கள் சந்தைக்குப் போகிறார்கள், வரியைப் பற்றி முனகுகிறார்கள், திருவிழாக் கொண்டாடுகிறார்கள். மூர்காக்கிடமிருந்து கிளம்பி ஊர் சுற்றி வந்த கேயாஸ் என்ற பெருங்குழப்பச் சக்தி வடதுருவத்தில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. மதிப்புக்குரிய வணிகரின் கையுறைக்குள் விரல்கள் வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருக்கின்றன. அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

இந்த எண்ணத்தை மையமாக்கி 1986 முதல் 1989 வரை தொடராக வந்த பெருங்கதைக்கு அவர்கள் வைத்த தலைப்பைத் தமிழில் ஒற்றைச் சொல்லால் சொல்லிவிடலாம்: உட்பகை. நமக்கு அது பழகிய சொல். வள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். வெளியே வாளோடு நிற்பவனைவிட உறவாக உடனிருந்து அரிப்பவனுக்கே அஞ்சச் சொன்னார். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது வேறொரு சூடு இருந்தது. 1984 ஜூலையில் பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் கட்சி எம்.பி.க்களிடையே பேசியபோது, ஃபாக்லாந்து தீவுகளில் எதிர்கொண்டது வெளிப்பகை என்றும், வேலைநிறுத்தத்தில் இப்போது எதிர்கொள்வது உட்பகை என்றும் பொருள்பட ஒப்பிட்டார். இரண்டே ஆண்டில் அதே சொற்றொடர் ஒரு விளையாட்டுப் புத்தகத்தின் அட்டையில். ஆனால் அங்கே உட்பகை என்பது கருவி பிடித்துக் காய்ப்பேறிய கையாக இல்லை. நகர மன்றத்தில் உயர்ந்த நாற்காலிகளில் இருந்தவர்களாக இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரு சொல்லைக் கீழ்நோக்கி வீசுவதும், சிறிது காலத்தில் அதே சொல் மேல்நோக்கித் திரும்புவதும் எல்லா மொழிகளிலும் நடந்திருக்கின்றன.

தொடரின் தொடக்கம் மிக எளிமையானது. பாத்திரங்கள் தலைநகர் ஆல்ட்டார்ஃபுக்கு வேலை தேடிக் கோச்சு வண்டியில் போகிறார்கள். வழியில் ஒரு பிணம் கிடக்கிறது. அதன் முகம் அவர்களில் ஒருவரின் முகத்தை அச்சாக ஒத்திருக்கிறது. சட்டைக்குள் ஒரு சொத்துரிமைக் கடிதம். பேராசை ஒன்று போதும், கதை ஓடத் தொடங்கிவிடும். அடுத்து போகன்ஹாஃபன் என்ற வணிக ஊர். அங்கே அறம் செய்வதற்கென்று கூடிய வணிகர் கழகம் ஒன்று, தான் செய்வது இன்னதென்று முழுதும் அறியாமலே, ஒரு பேயின் சடங்குக்குத் துணைபோகிறது. எச்சரிக்கை செய்ய ஓடினால் அலுவலகங்களில் காத்திருக்கச் சொல்கிறார்கள். பாத்திரங்கள் தோற்றால் அந்த ஊரே அழியும். புத்தகம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. 1987-இல் வந்த ரைக் நதிப் பாகத்தில் ஆடுபவர்களுக்கு ஒரு படகு கிடைக்கிறது. கம்பளியும் திராட்சை மதுவும் ஏற்றி ஊர் ஊராக விற்றுக்கொண்டு ஆற்றோடு போகலாம். தீமையைத் தேடும் வேலையை நாளைக்குத் தள்ளிப்போடலாம். எனக்குத் தொடரிலேயே மிகவும் பிடித்த பாகம் அதுதான். அச்சத்தின் நடுவே ஒரு சிறு வியாபாரத்தின் அமைதியை அது அனுமதித்தது. பலர் உச்சமென்று போற்றுவது 1988-இல் கார்ல் சார்ஜென்ட் எழுதிய மிடன்ஹைம் நகரக் கதையை. குள்ளர்கள்மீது, மந்திரவாதிகள்மீது, மதகுருமார்மீது புதிய வரிகள் விழுகின்றன; யார் கையெழுத்துப் போட்டது, ஏன் போட்டார், அவரை யார் மிரட்டுகிறார் என்று திருவிழாக் கூட்டத்தினூடே விசாரித்துக்கொண்டு போவதே சாகசம். வாளைவிட விருந்து மேசைப் பேச்சு அங்கே கூர்மையானது. நிறைவுப் பாகம் அந்த உயரத்தை எட்டவில்லை என்பதை அந்தத் தொடரை நேசித்தவர்களே வருத்தத்தோடு சொல்லிவந்தார்கள். முடிவு சரியாக அமையாத பெருங்கதை நெஞ்சில் முள்ளாகத் தங்கும்.

பிறகு வீடு கைவிட்ட கதை. அதில் வில்லன் யாரும் இல்லை, கணக்கு மட்டுமே இருந்தது. விதிப்புத்தகம் ஒன்றை வாங்கினால் ஐந்து பேர் பத்தாண்டு ஆடலாம். பொம்மைப் படையோ வாங்க வாங்க வளரும். சிட்டடெலைத் தொடங்கி, பின்பு கேம்ஸ் ஒர்க்‌ஷாப் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்த பிரையன் ஆன்செல் பொம்மைகளின் பக்கம் நிறுவனத்தைத் திருப்பினார். 1987-இல் வந்த வார்ஹேமர் 40,000 என்ற பொம்மைப் போர் விளையாட்டு அந்தத் திருப்பத்தை உறுதியாக்கியது. எல்லா வகை விளையாட்டுகளையும் பற்றி எழுதிவந்த ஒயிட் டுவார்ஃப், சொந்தச் சரக்கை மட்டும் பேசும் இதழாகச் சுருங்கியது. ரோல்பிளே புத்தகம் முதலில் ஃபிளேம் என்ற சிறு கிளைக்குப் போனது. அதுவும் சில ஆண்டுகளில் மூடியது. 1995-இல் ஜேம்ஸ் வாலிஸின் ஹாக்ஸ்ஹெட் என்ற சின்னஞ்சிறு பதிப்பகம் உரிமம் பெற்று, அதே புத்தகத்தை மெல்லட்டையில் மறுபடி அச்சிட்டது. மூல நூலிலேயே குறையாக நின்ற மந்திரவியலுக்கு ஒரு தனி நூல் வேண்டும் என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அது 2001-இல்தான் வந்தது. அடுத்த ஆண்டு ஹாக்ஸ்ஹெட்டும் விடைபெற்றது. 2005-இல் தாய்வீட்டின் பிளாக் இண்டஸ்ட்ரீஸ் வழியே இரண்டாம் பதிப்பு. 2008-இல் அந்தப் பிரிவையும் மூடினார்கள். 2009-இல் அமெரிக்காவின் ஃபேன்டஸி ஃபிளைட் நிறுவனம் மூன்றாம் பதிப்பைச் சிறப்புப் பகடைகளும் சீட்டுகளும் நிறைந்த பெட்டியாகக் கொண்டுவந்தது. பழைய ரசிகர்கள் அதோடு ஒட்டவில்லை. 2018-இல் கியூபிகிள் செவன் நான்காம் பதிப்பை வெளியிட்டது. தத்துப்பிள்ளை போல வீடு மாறிக்கொண்டே வளர்ந்த இந்தப் புத்தகத்தை, இடைப்பட்ட வறண்ட ஆண்டுகளில் காத்தவர்கள் ஆடியவர்கள்தாம். வார்ப்ஸ்டோன் போன்ற இதழ்களைச் சொந்தச் செலவில் நடத்தினார்கள். வராத பாகங்களைத் தாங்களே எழுதிப் பகிர்ந்தார்கள். சுவடி படித்தவர் போய்விட்டாலும் படியெடுப்பவர் இருந்தால் நூல் நிற்கும் என்பது நம் மரபுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி.

இதற்கிடையே அந்த உலகமே ஒருமுறை அழிந்தது. உவமையாகச் சொல்லவில்லை. அதே பழைய உலகத்தில் நிகழும் பொம்மைப் போர் விளையாட்டின் கதைத்தொடரில் 2014-15-இல் நிறுவனம் பழைய உலகத்துக்கு ஊழிக்காலத்தைக் கொண்டுவந்து, பேரரசையும் ரைக் நதியையும் மிடன்ஹைமையும் ஒருசேர ஒழித்துவிட்டு, வேறொரு புத்துலகத்தைத் தொடங்கியது. முப்பதாண்டு அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் சொந்த ஊர் அணையின் நீருக்கடியில் போனதுபோல் உணர்ந்தார்கள். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ண என்னால் முடியவில்லை. ஆனால் மூன்றே ஆண்டில் வந்த நான்காம் பதிப்பு நாட்காட்டியைப் பின்னுக்குத் திருப்பி, அந்த உலகத்தின் 2512-ஆம் ஆண்டிலேயே மீண்டும் நின்றது. முதல் புத்தகம் நின்ற அதே ஆண்டு. உட்பகைத் தொடரையும் கிரேம் டேவிஸ் முதலியோர் புதுக்கி எழுதினார்கள். மூன்று தசாப்தமாக முள்ளாகக் கிடந்த முடிவுக்கு இப்போது வேறொரு முடிவு கிடைத்திருக்கிறது. 2024-இல் தாய்வீடும் பழைய உலகம் என்ற பெயரிலேயே பொம்மைப் போரை மறுபடி கடைகளில் வைத்தது. தான் எரித்த ஊரின் பெயரில் தானே கடை திறப்பதைப் பேரரசுகளும் செய்திருக்கின்றன, நிறுவனங்களும் செய்கின்றன. திரும்பி வரும் மக்கள் யார் எரித்தது என்று வெகுநேரம் விசாரிப்பதில்லை. தங்கள் தெரு எங்கே என்றுதான் முதலில் தேடுகிறார்கள்.

உருவாக்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சார்ஜென்ட் 2018-இல் மறைந்தார். ஹாலிவெல் 2021-இல். ஆன்செல் 2023-இன் கடைசி நாட்களில். ஈஸ்ட்வுட்டைச் சுற்றி இன்று நிலக்கரிச் சுரங்கம் இல்லை. இங்கிலாந்திலேயே ஆழ்சுரங்க வேலை 2015-இல் நின்றுபோனது. அந்தப் புத்தகத்தின் தொழில் பட்டியலில் மட்டும் சுரங்கத் தொழிலாளி இன்னும் நிற்கிறான், படகோட்டிக்கும் சுங்கச்சாவடிக்காரனுக்கும் நடுவே எங்கோ. இன்று கணினித் திரையில் பெருங்கதை விளையாட்டுகளை ஆடும் நம் பிள்ளைகள், தம் பாத்திரத்துக்கு ஒரு பிழைப்பையும் ஒரு பழைய காயத்தையும் தேர்ந்தெடுக்கும்போது, அந்த மேசையின் வாரிசுகளாகவும் இருக்கிறார்கள் என்பதை அறிய வாய்ப்பில்லை. அறிய வேண்டிய கட்டாயமும் இல்லை. பாட்டியின் கைப்பக்குவம் பேத்தியின் குழம்பில் இறங்குவதற்கு அவள் பாட்டியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஏதோ ஓர் ஊரில் இன்றிரவும் யாரோ ஒரு பெண் இரண்டு பத்துமுகப் பகடைகளை முதன்முறையாக உருட்டுகிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அட்டவணையில் விரல் வைத்துத் தேடி, எலி பிடிப்பவள் என்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். பொறிகள், செத்த எலிகள் தொங்கும் கம்பு, ஒரு நாய் என்று அவர் படித்துக்கொண்டே போக, அவள் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக எழுதுகிறாள். நாயின் பெயர் என்ன என்று கேட்கிறாள். அது புத்தகத்தில் இல்லை. அவள் சற்று யோசித்து ஒரு பெயரை எழுதுகிறாள். வெளியே கோச்சு வண்டி வந்து நிற்கிறது. ஆண்டு 2512, ஆல்ட்டார்ஃபுக்குப் போகும் பாதையில் மழை பிடித்திருக்கிறது.